ஆறே ஊற்றிய தண்ணீர்

மாலை நாலு இருபதுக்கு, பாலாற்று மணலில் பழுப்பாகத் தண்ணீர் ஊர்ந்து வருவதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆம்பூரில் வளர்ந்த எனக்கு அது தோல் தொழிற்சாலைக் கழிவாகவே பட்டது. முகத்தைச் சுளித்து ஜன்னலைச் சாத்தினேன்.

கொஞ்ச நேரத்தில், என்னை அக்கா என்பதற்கு 'பாஜி' என்றே கூப்பிடும் பக்கத்து வீட்டு மல்லிகா கத்தினாள். "பாஜி, நொரையும் இல்ல, நாத்தமும் இல்ல. மழைத் தண்ணி, ஜாஸ்தியா வருது!"

எனக்கு உயிரே போய்விட்டது. என் மகள் சல்மா, அக்கரையில் தான் நட்ட புங்கங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற, பக்கெட்டோடு அந்த மணலில் நடந்துதான் தினமும் நாலு மணிக்குப் போவாள். "பருவமே மாறிப்போச்சு, இனி இந்த ஆத்துல தண்ணி ஏது? கன்னு வச்சு இன்னா ஆவப்போவுது?" என்று காலையில்தான் அவளிடம் சலித்துக்கொண்டிருந்தேன்.

கரைக்கு ஓடினேன். பெண்கள் மஞ்சளும் பூவும் தூவி ஆற்றை வரவேற்றுக்கொண்டிருந்தார்கள். சல்மா போனை எடுக்கவில்லை. அத்தனை சிரிப்புக்கு நடுவே நான் மட்டும் அழுதுகொண்டு நின்றேன்.

இன்றும் கோடையை நினைத்தால், ஆறு மறுபடி வற்றிவிடுமே என்று பயம்தான். ஆனாலும் கன்றுகளுக்கு இப்போது இரண்டு பக்கெட் போகிறது. காரணம், அன்று பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு, முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்றவள் சொன்னது:

"அம்மி, இன்னிக்கு ஆறே ஊத்திடுச்சு! தண்ணி வடிஞ்சதும் நீயும் வர்றே. இன்னொரு பக்கெட் கீது."