சித்தப்பா அழுத இடம்

என் சித்தப்பாவைத் திருத்த ஒரு சினிமா போதும் என்று அப்பா நம்பியது எங்கள் குடும்பத்தில் நடந்த பெரிய கூத்து. அப்போது எனக்கு ஒன்பது வயது.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்தவர், திருவண்ணாமலைக்குப் போய் ஆசிரமத்தில் இருந்துவிடுகிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச அனுப்பினால் மோட்டார் கொட்டகையில் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை மடையை அடைக்க மறந்து, பக்கத்து வயல்காரரின் நாற்றங்கால் மூழ்கிப்போனது. அன்றைக்கே அப்பா பெண் பார்க்கக் கிளம்பிவிட்டார். பெண்ணும் அமைந்தது, சித்தப்பாதான் வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான், சாமியாராகப் போன மகன் கடைசியில் வீடு திரும்பிக் கல்யாணம் செய்துகொள்கிற படம் ஒன்று வந்திருப்பதாக அப்பாவுக்கு யாரோ சொன்னார்கள். நடவு முடிந்த மறுநாள் எல்லோரும் திருத்துறைப்பூண்டிக்கு மதியக் காட்சிக்குப் போனோம்.

"பாப்பா, நீ சித்தப்பா பக்கத்துல உக்காரு. எந்த இடத்துல மூஞ்சி மாறுதுன்னு பாத்து வந்து சொல்லு" என்று அப்பா எனக்கு வேலை கொடுத்திருந்தார்.

படம் மகா அறுவை. சண்டை இல்லை, சிரிப்பு இல்லை. அந்த ஆள் மலை மலையாக நடந்தார். ஒவ்வொரு மலையிலும் அவருடைய அம்மா அழும் குரல் கேட்டது. அப்பாவே குறட்டை விட்டார். நான் வேறு வழியில்லாமல் சித்தப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தாடியை மழித்துக்கொண்டு மகன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, சித்தப்பா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பஸ் ஸ்டாண்டிலேயே சொல்லிவிட்டேன். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பய திருந்திட்டான்!" என்றார். அந்த வாரமே பெண் வீட்டுக்குப் போய்ப் பூ வைத்து நாள் குறிப்பதென்று முடிவானது.

பூ வைக்கக் கிளம்பிய காலையில் சித்தப்பா என்னிடம் கேட்டார்: "அப்பாகிட்ட நீதான் சொன்னியா?"

"ஆமா. நீங்க அழுதீங்கல்ல சித்தப்பா?"

"அழுதேம்மா."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். எதற்காக அழுதார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றும் அந்தக் கோபம் எனக்கு உண்டு, அவர் மேலும் என் மேலும்.

தை மாதம் கல்யாணம். தாலி கட்டும்போது நான் மணவறைக்குப் பக்கத்தில் நின்று, கொடுத்த வேலையை விடாமல் அவர் முகத்தையே பார்த்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. சித்தப்பாவுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.