அம்மா எண்ணிய சுற்றுகள்

எங்கள் காருக்கு என்ன வயது என்று யாராவது கேட்டால், அப்பா முதலில் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார். தாத்தா வேலை செய்த தோட்டத்து வெள்ளைக்கார மானேஜர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது தாத்தாவிடம் விற்றுவிட்டுப் போன கார் அது. சிலிபின் என்ற எங்கள் ஊரில், வீட்டு முன்னால் அது நின்றால் தெருவுக்கே மரியாதை என்று அப்பா நினைத்தார். அதில் ஒரு திருகாணியைக்கூட மாற்ற விடமாட்டார்.

ஒரே குறை, ஸ்டீயரிங். அதைத் திருப்ப ஒரு பயில்வான் வேண்டும். அம்மாவிடம் லைசென்ஸ் இருந்தது. ஆனால் ஒருமுறை கடைத்தெருவில் திருப்ப முடியாமல் பாதி ரோட்டை மறித்து நின்று, பின்னால் ஹாரன் கச்சேரி நடந்த பிறகு, அவள் அந்தக் காரைத் தொடவே இல்லை.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, பள்ளி விடுமுறையின் முதல் நாள், ஸ்டீயரிங்கை மாற்றப்போவதாக அப்பா அறிவித்தார். அம்மாவின் அண்ணனுக்குச் சொந்தப் பட்டறை இருந்தது. அந்த மாமா கையிலிருந்த தே தாரிக் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

"மச்சான், உடம்பு சரியில்லையா? பேசாம இத வித்துட்டு ஒரு சின்ன காடி வாங்கிக் குடுங்கலா."

"வேணாம். இந்தக் காடிதான். உங்க தங்கச்சிதான் ஓட்டணும். லீவு முடியிறதுக்குள்ள ஓட்டணும்."

அப்பா இவ்வளவு அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டு வாசலிலேயே மாமா ஸ்டீயரிங் பெட்டியைக் கழற்றித் தேய்ந்த பற்சக்கரத்தை மாற்றினார். ஆடிக்கொண்டிருந்த மூட்டுகளுக்குப் புதிது போட்டார். விபத்தில் நொறுங்கிய ஒரு சின்னக் காரிலிருந்து, கைக்குப் பலம் கொடுக்கும் மின்மோட்டாரை எடுத்துவந்தார். அதைப் பொருத்த டாஷ்போர்டுக்கு அடியில் ரம்பம் வைத்தபோது, அப்பா உள்ளே போய் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

முதல் ஓட்டம் திடலுக்குப் பக்கத்துக் காலி இடத்தில். அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்துவிட்டார்கள். வலது பக்கம் அம்மா ஒற்றைக் கையால் திருப்பினாள், கைதட்டல். இடது பக்கம் திருப்பியபோது கார் பாதி வளைவிலேயே மறுத்துவிட்டு நேராகச் சாக்கடையைப் பார்த்துப் போனது. எப்படியோ பிரேக் பிடித்தாள்.

"பயப்படாம நல்லா ஒடிச்சித் திருப்பு தங்கச்சி," என்றார் மாமா. "காடி நல்லாத்தான் இருக்கு. கைதான் பத்தல."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. அம்மா இறங்கிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவளோ சக்கரங்களை நேராக்கிவிட்டு, ஸ்டீயரிங்கை வலது கோடி வரை சுற்றினாள். பிறகு நேராக்கி, இடது கோடி வரை சுற்றினாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"வலது பக்கம் ரெண்டு சுத்து போவுது அண்ணே. இடது பக்கம் ஒண்ணுதான் போவுது. என் கைக்கு எண்ணத் தெரியும்லா."

மாமா காருக்கு அடியில் போகும்போது சிரித்துக்கொண்டு போனார். வெளியே வந்தபோது சிரிப்பைக் காணோம். ஸ்டீயரிங் பெட்டியின் நடு எது என்று குறித்துக்கொள்ளாமலேயே பூட்டியிருக்கிறார்! அப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் இந்தப் பக்கம் ஒன்றரை, அந்தப் பக்கம் ஒன்றரை. அம்மா இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கையில் வாங்கினாள்.

விடுமுறையின் கடைசி ஞாயிறு, சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறினோம். வளைவுக்கு மேல் வளைவு. பின் சீட்டில் மாமா கதவுப் பிடியை இறுகப் பற்றியிருந்தார். பத்தாவது வளைவில் விட்டுவிட்டார். நீளமான நேர்ச்சாலை ஒன்று வந்தபோது அம்மா ஒரு காய்கறி லாரியை முந்தினாள். எனக்கு அழுகை வருமளவுக்குப் பெருமையாக இருந்தது. மலைமேல் இறங்கி, வெந்த சோளத்தைக் கடித்துக்கொண்டே, வந்தவர் போனவரிடமெல்லாம் "எங்கம்மாதான் ஓட்டுனாங்க" என்று சொன்னேன்.

"நீங்க ஏம்பா ஓட்டல?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"அம்மா ஓட்டுறது நல்லா இருக்குலா," என்றார். அதற்குப் பிறகு அவர் ஓட்டுநர் சீட்டில் உட்காரவே இல்லை.

இறங்கும் வழியில் படம் வரையத் தாள் தேடினேன். டாஷ்போர்டு அறைக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதம் ஒன்று இருந்தது. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அது கண் டாக்டர் எழுதியது என்பதும், அப்பாவுக்குக் குறைந்துகொண்டே வந்த பார்வை இனித் திரும்பாது என்பதும் எனக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று. அன்று நான் முன்பக்கத்தைப் படிக்கவில்லை. ஸ்டீயரிங்கோடு அம்மாவைப் பெரிதாக வரைந்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் அதை மூக்கில் இடிக்குமளவுக்குக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். அவ்வளவு நன்றாக வரைந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.