ரப்பர் ஆசிட்டும் இத்தாலிக் கல்லும்

தரை நுரைத்தது. சோடா போத்தலைத் திறந்த மாதிரி ஒரு சத்தம் வேறு. நான் வாளியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். இருபது வருடமாகத் தரை போடுகிறவன். தரை கொதித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

குருவிட்டவில் மாணிக்கக்கல் வியாபாரம் செய்த ஒரு ஹாஜியாரின் புது வீடு அது. ஹாலுக்கென்று டிராவர்டைன் என்ற கல்லை இத்தாலியிலிருந்து வரவழைத்திருந்தார். பெட்டியைத் திறந்ததுமே எனக்குத் தலை சுற்றியது. கல் முழுக்கப் பொத்தல்!

"புழு அரிச்ச கல்ல உங்க தலையில கட்டிட்டாங்களே ஹாஜியார்!"

அவர் சிரித்தார். "அதோட அழகே அதான் பாஸ். ஓட்டைய அடைச்சுப் போடுங்க."

எங்கள் பக்கத்தில் மேசனை பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அடைத்தோம், போட்டோம். அவர் மகளுடைய நிக்காஹ் அந்த ஹாலில்தான், இன்னும் ஆறே நாள். கல்லில் பூத்திருந்த சிமெண்டைக் கழுவ வேண்டியதுதான் பாக்கி. நான் எஹலியகொடப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பாலை உறைய வைக்கிற ஆசிட்தான் எங்களுக்குச் சிமெண்ட் கறைக்கும் மருந்து. டைலுக்கு ஊற்றியிருக்கிறேன், கிரனைட்டுக்கு ஊற்றியிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. இந்தக் கல்லுக்கு ஆகுமா என்று ஒருவரையும் கேட்காமல் ஊற்றினேன். அவ்வளவு திமிர்.

அலசிப் பார்த்தால், வாசலுக்கு நேரே ஒரு பாய் அகலத்துக்குக் கல் மினுக்கம் செத்து, சொரசொரவென்று வெளிறிக் கிடந்தது. மாற்றிப் போட மிச்சமிருந்த கல் இரண்டே இரண்டு.

என்னோடு வேலை செய்த செல்வராஜ் காதோரம் வந்தான். "அண்ணே, கல்லுலயே கொறைன்னு சொல்லிப்புடுவோம். மொத நாளே புழு அரிச்சதுன்னு சொன்னீங்கல்ல?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அதற்குத் தயாராகிவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஹாஜியார் உள்ளே வந்தார். குனிந்து கல்லைத் தடவினார்.

"என்ன பாஸ் இது?"

"கல்லு..." என்று ஆரம்பித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பொய்யை விட்டுவிட்டேன். "நான்தாங்க கெடுத்தேன். ஆசிட் ஊத்திட்டேன்."

அவர் எழுந்து வெளியே போனார். தொலைந்தோம் என்று நினைத்தேன். தன் கல் தீட்டும் பட்டறையிலிருந்து கார்பொரண்டம் என்ற தேய்ப்புத் தூள் பொட்டலங்களோடு திரும்பி வந்தார்.

"தண்ணி விட்டுத் தேய்ங்க. மொரட்டுத் தூள் மொதல்ல, நைஸ் கடைசில."

நாலு நாள் தேய்த்தோம். முழங்கால் தோல் உரிந்தது. மினுக்கம் முக்கால்வாசி திரும்பி வந்தது, சொன்னால்தான் தெரியும்.

நிக்காஹ் சாப்பாட்டுக்கு எங்களையும் அழைத்திருந்தார். நான் கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"பாஸ், எங்க வாப்பாவும் ரப்பர் காணி வெச்சிருந்தவர்தான். அன்னிக்கு கேட்டுக்குள்ள வரக்குள்ளயே எனக்கு அந்த ஆசிட் மணம் அடிச்சிச்சு. நீங்க 'கல்லு'ன்னு ஆரம்பிச்சீங்களே, அப்பதான் எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு."

வீடு முழுக்க அந்த நெடி அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து பழகிய மூக்கு. எனக்கு உறைக்கவே இல்லை. அதன் நடுவில் நின்றுகொண்டுதான் பொய் சொல்லப் பார்த்தேன்.

இப்போது மேசன் கரண்டி பிடிக்கிற தம்பிமாருக்குச் சொல்கிறேன். என் சாமான் பையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். புதுக் கல் எது வந்தாலும் உடைந்த துண்டில் நாலு சொட்டுப் பிழிந்து பார்ப்பேன். நுரைத்தால் ஆசிட் போத்தலை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோக மாட்டேன். அப்படியும் கெட்டுப்போனால், வீட்டுக்காரர் கேட்கும்வரை காத்திருக்க மாட்டேன்.