ஹெல்மெட்டில் பஞ்சாங்கம்

விதவை மறுமணத்துக்காகப் போராடிய பிரிட்டிஷ் காலத்துச் சீர்திருத்தவாதிகளைப் பற்றி நான் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன். என் மகன் இறந்து சில வருடங்கள் கழித்து, மருமகள் மறுமணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னாள். நல்லது என்றேன். நாள் பார்க்கப் புரோகிதரை அழைத்ததும் நான்தான்.

பெங்களூரு டிராபிக்கில் ஸ்கூட்டர் ஓட்டி, எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு அவர் வந்தார். ஒல்லியான மனிதர். குடுமியை ஹெல்மெட்டுக்குள் திணித்திருந்தார். உட்கார்ந்ததும் ஹெல்மெட்டை மடியில் கிண்ணம்போல் வைத்து, அதற்குள் பஞ்சாங்கத்தை விரித்தார். எல்லா வீட்டிலும் அப்படித்தானாம்.

மருமகள் காபி போட உள்ளே போனாள். நான் குரலைத் தாழ்த்தி, "இந்த வருஷம் முகூர்த்தமே இல்லைன்னு சொல்லிடுங்கோ," என்றேன். அவள் போய்விட்டால் எனக்கு யாரும் இல்லை. காரணம் அவ்வளவுதான்.

அவர் பக்கம் புரட்டுவதை நிறுத்தவில்லை.

"சார், உங்க புஸ்தகம் படிச்சேன். அந்தக் காலத்துல இந்தக் கல்யாணத்துக்கெல்லாம் புரோகிதரே கிடைக்கலைன்னு எழுதியிருக்கேள்."

"ஆமாம்."

"இப்ப நான் கிடைச்சுட்டேனே."

மருமகள் காபியுடன் வந்தாள். "நாள் இருக்கா மாமா?" என்று புரோகிதரிடம் கேட்டாள்.

"நாலு இருக்கும்மா. எது வேணும்னு உங்க மாமனாரே சொல்லட்டும்."

நான்கில் கடைசி நாளைச் சொன்னேன். அவள் அதற்கே சந்தோஷப்பட்டாள்.

வாசலில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "இன்னும் அஞ்சு மாசம் காபிக்குக் கவலையில்லை சார்," என்றார்.

இப்போது காபியை நானே போட்டுக்கொள்கிறேன். அவர் கிண்டல் செய்தாரா, ஆறுதல் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை.