செவ்வரத்தைகளைக் கலந்த ஹனீபா நானா

சென்ற வியாழக்கிழமை காலை குறிஞ்சாக்கேணியிலிருந்து ஹனீபா நானாவின் மகள் அழைத்தாள். "வாப்பா விடிய சுபஹுக்கு முன்னம் மௌத்தாகிட்டாங்க, அன்ரி. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." குசினியில் அடுப்பின் முன் நின்றபடியே சரி, சரி என்று மட்டும் சொன்னேன். நம் அலுவலகத்தில் அவரோடு வேலை செய்த உங்களில் பலருக்கு அவர் நீர்ப்பம்பியைப் பார்த்துக்கொண்டவர். எனக்கு அவர் செவ்வரத்தைப் பூக்களை ஒன்றோடொன்று கலந்தவர்.

கண்டியிலிருந்து அவர் கொண்டுவந்த பெரிய மஞ்சள் செவ்வரத்தை, நம் துறைமுகத்து உப்புக்காற்றில் மொட்டிலேயே கருகும். வேலியோரச் சிவப்பு எதையும் தாங்கும், பூ சிறிது. இரண்டையும் சேர்த்து, காற்றைத் தாங்கும் பெரிய மஞ்சள் பூ ஒன்றை எடுக்க ஆசைப்பட்டார். அலுவலக வளவில் அதற்கென்றே பூச்சாடிகள் வைத்திருந்தார். காலையில் மஞ்சளின் மகரந்தத்தைச் சிவப்புப் பூவில் தொட்டு, காம்பில் நூல் கட்டி, தாய் எது, தகப்பன் எது என்று கொப்பியில் எழுதுவார். தேனீ முந்திவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் "தகப்பன் தெரியாது" என்று எழுதுவார். "பூ பொய் சொல்லாது தங்கச்சி, கொப்பிதான் சொல்லும்" என்பார்.

நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த வேலையை என்னிடம் விட்டார். அன்று மழையில் மஞ்சள் பூ ஊறிப்போய், மகரந்தம் ஒட்டவில்லை. வாசல் படலையடியில் நின்ற செங்கல்நிறச் செவ்வரத்தையிலிருந்து எடுத்துத் தொட்டேன். கொப்பியில் மஞ்சள் என்றே எழுதினேன். படுத்திருப்பவரிடம் ஏலவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

அந்த விதையில் வந்த கன்று ஒன்றரை வருடத்தில் பூத்தது. அகன்ற செம்மஞ்சள் இதழ், நடுவில் கறுத்த சிவப்பு. வாடைக்காற்று அடித்தும் கருகவில்லை. நானா அதற்கு மகளின் பெயரை வைக்கப்போவதாக எல்லோருக்கும் சொன்னார். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் பம்பி அறைக்குப் போய்ச் சொன்னேன்.

"மஞ்சள் இல்லையா?" என்றார்.

"இல்லை நானா. படலையடிப் பூ."

"ஏன் அப்பவே சொல்லயில்ல?"

"நீங்கள் ஆஸ்பத்திரியில வருத்தமாய்க் கிடந்தனீங்கள். சொல்லப் பயந்திட்டன்."

அவர் முகம் சுருங்கியது. பிறகு கொப்பியை எடுத்து, நான் எழுதிய வரியை வெட்டி, சரியானதை எழுதி, பக்கத்தில் என் பெயரையும் போட்டார். "அப்ப இது நீங்க எடுத்த பூ. என்ட பூவ நான் இனித்தான் எடுக்கோணும்." அன்றே எல்லோருக்கும் அப்படியே சொன்னார்.

அதன்பின் நான்கு முறை முயன்றார். ஒரே ஒரு கன்று மஞ்சளாகப் பூத்தது. முதல் வாடையிலேயே ஓரம் கருகியது. "பரவாயில்ல, இது கருகும் எண்டு இப்ப தெரியும்" என்று அதையும் எழுதிவைத்தார். அவர் நினைத்த பூ கடைசிவரை கிடைக்கவில்லை.

பம்பி அறையில் இருந்தது ஒரே கதிரை. அன்று என் பிழையைத் திருத்தி எழுதி முடித்ததும் எழுந்து, அதை என் பக்கம் தள்ளிவிட்டார். "இருங்க தங்கச்சி, தேத்தண்ணி குடிப்பம்" என்றார். அவரைப் பற்றி நான் மனதில் வைத்திருப்பது அதுதான்.