ஆண்கள் பக்கம்

மெல்பேர்ண் விமான நிலையத்தில் நானும் மனைவி ரீற்றாவும் இறங்கியபோது காலை ஆறு மணி. மகள் நிலானி காருடன் நின்றாள். அவள் டொக்டராக வேலை செய்யும் சிற்றூர் அங்கிருந்து வடக்கே இருநூறு கிலோமீற்றர். வழியில் கிரெய்கிபர்னில் நிறுத்தி அரிசி, மிளகாய்த்தூள், ஐஸ் பெட்டியில் பாரை மீன் எல்லாம் வாங்கினாள்.

“இதுக்குப் பிறகு எங்கட சாமான் ஒண்டும் கிடைக்காது அப்பா. மாட்டைத்தான் பாக்கலாம்,” என்றாள்.

பொய்யில்லை. இரண்டு மணிநேரம் புல்லையும் மாட்டையும் தவிர வேறெதையும் நான் காணவில்லை.

ஊரில் ஒரு கடைத்தெரு, ஒரு பேக்கரி, ஒரு கத்தோலிக்கக் கோயில். சனிக்கிழமை மதியத்தோடு கடைகளைப் பூட்டிவிடுவார்கள். அது தெரியாமல் முதல் வாரம் பாலில்லாமல் வெறுந்தேநீர் குடித்தோம். பேக்கரியில் ஒரு கோப்பி ஐந்தரை டொலர். மன்னாரில் சாமான் கடை வைத்திருக்கும் எனக்கு அதை விழுங்குவது கஷ்டமாகத்தான் இருந்தது. தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் காலை வணக்கம் சொல்வார்கள். இரண்டாம் வாரம் நானே முந்திக்கொண்டு சொல்லப் பழகிவிட்டேன்.

மூன்றாம் வாரம்தான் வில்லங்கம். தன்னோடே தங்கிவிடச் சொல்லி நிலானி கேட்டாள். தனியாக இருந்து அலுத்துப்போயிருந்தாள் பிள்ளை. ரீற்றா உடனே ஓம் என்றுவிட்டாள். தம்பியின் பொறுப்பில் விட்டுவந்த கடை என்னாவது என்று நான் கத்தினேன். அதோடு இருவரும் கதைப்பதை நிறுத்திவிட்டோம்.

ஞாயிறு பூசைக்குப் போனோம். பதினைந்து பேர் இருந்தால் அதிகம். எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். கால் பழகியபடி நான் வலப்பக்கம் போனேன், அவள் இடப்பக்கம் போனாள். வந்த முதல் ஞாயிறிலிருந்தே அங்கே அப்படித்தான் இருந்தோம்.

மறுநாள், அதே கோயிலுக்கு வரும் பக்கத்து வீட்டு மனுசி ஜோன் கேக்கோடு வந்தார். எழுபது வயதிருக்கும். ரீற்றாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னார். நிலானி சிரிப்பை அடக்கமுடியாமல் அதைத் தமிழில் சொன்னாள்.

“அம்மா, அப்பாவோட இருக்க ஏலாட்டி அவவின்ர வீட்டில ஒரு அறை சும்மா கிடக்காம். எப்பவும் வரலாமாம்.”

மூன்று ஞாயிறும் எங்களைப் பார்த்துவிட்டு, நாங்கள் பிரிந்துவிட்டோம் என்று கோயிலே முடிவுகட்டியிருந்தது. நிலானி எங்கள் வழக்கத்தை விளக்கியதும் ஜோன் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். அந்த மனுசி மேல் எனக்குப் பெரிய அன்பு வந்துவிட்டது. காரணத்தை மட்டும்தான் பிழையாகப் பிடித்தார். நாங்கள் கதைக்காமல் இருந்தது உண்மைதானே.

அடுத்த ஞாயிறு ரீற்றா நேரே வந்து நான் இருந்த வாங்குக்கு அருகில் நின்றாள்.

“இது ஆம்பிளையளின்ர பக்கம்,” என்றேன்.

“தெரியும். தள்ளி இருங்கோ.”

கலியாணத்துக்குப் பிறகு கோயிலில் அவள் என் பக்கத்தில் இருந்தது அன்றுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் கடை விஷயத்தில் இருவரும் இறங்கிவரவில்லை. விசா ஒரு வருடத்துக்கு இருந்தது. மூன்றாம் மாதம் அவளை மகளிடம் விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பினேன்.

மன்னாரில் முதல் ஞாயிறு. வலப்பக்கத்தில் என் வழக்கமான இடத்தில் இருந்துகொண்டு இடப்பக்கம் பார்த்தேன். ரீற்றாவின் இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். பூசை முடிந்ததும் ஐந்தாறு பேர் வந்து கைகொடுத்தார்கள், கங்காரு பார்த்தாயா என்று கேட்டார்கள். மனைவி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. இங்கே எல்லா ஆண்களும் மனைவி பக்கத்தில் இல்லாமல்தான் இருக்கிறார்கள். நான் தனியாக வந்தது யாருக்குத் தெரியப்போகிறது?

கோயில் வாசலிலேயே நின்று போன் எடுத்தேன்.

“கடையைத் தம்பியிட்டக் குடுத்துப்போட்டு வாறன்,” என்றேன்.



“கெதியா வாங்கோ,” என்றாள் ரீற்றா.