அவன் முறை வந்தபோது

தொண்ணூறுகளில் என் மகன் பூந்தமல்லி சாலையில் பைக் விபத்தில் இறந்தான். ஆஸ்பத்திரியிலும் காவல் நிலையத்திலும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அலுவலகத்தில் யார் வீட்டில் சாவு என்றாலும் கூடவே போய் நான் செய்துகொடுத்த வேலைதான்.

காரியம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அவன் நண்பர்கள் மூவர் எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸ் வாசலில் த்ராஷ் மெட்டல் என்கிற அந்த இரைச்சல் இங்கிலீஷ் பாட்டின் புதுக் கேசட்டோடு நின்றார்கள்.

"இதுக்குத்தான் அங்கிள் காத்துக்கினு இருந்தான். அவன் டேப் செட்லதான் மொதல்ல போடுவோம்."

அவர்களுக்கும் விதிகள் இருந்தன. ஒரு பக்கம் முடியும்வரை யாரும் பேசக் கூடாது. பிறகு ஒவ்வொருவராகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். செட்டுக்குச் சொந்தக்காரனான என் மகன் கடைசியில் சொல்வான்.

தகர ஷெட் சரிவது போன்ற அந்தச் சத்தத்தை அன்றுதான் முழுதாகக் கேட்டேன்.

"கிட்டார் தூள் மாமே," என்றான் ஒருவன்.

"போடா, தாலாட்டு பாடிக்கினு கீறானுங்க," என்றான் அடுத்தவன்.

"டிரம்ஸ் பரவால்ல," என்றான் மூன்றாமவன்.

அடுத்தது மகனின் முறை. ஒருவன் கேசட்டை எடுக்கக் கை நீட்டினான்.

சமையலறை வாசலிலிருந்து என் மனைவி சொன்னாள்: "போன கேசட்டே தேவலைன்னு சொல்லியிருப்பான். ரெண்டாவது பாட்டை மட்டும் இன்னொரு தடவை போடச் சொல்வான்."

"கரெக்டும்மா," என்றவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு டேப்பைப் பின்னால் ஓட்டினான்.

மகன் போன பிறகு அவன் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான், அதுவும் அவள் வாயால். பையன்கள் கிளம்பும்போது, அடுத்த கேசட் எப்போது வரும் என்று நானே கேட்டேன்.